நொய்யல் படுகைக்குப் பசுமைக் கட்டமைப்பு வரைபடம்: தரவு, வகைப்பாடு, புல எண் வரை கொண்டுபோவது

(கலந்துரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மேற்குமலை

நண்பர்களுக்கு வணக்கம். நொய்யல் படுகைக்குப் பசுமைக் கட்டமைப்பு வரைபடம் போடும் வேலை நடக்கிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தொடங்கி, கோவை, திருப்பூர் தாண்டி, கொடுமுடிப் பக்கம் காவிரியில் சேரும் இடம் வரை. எந்தக் காடு, குளம், பள்ளம், மேய்ச்சல் நிலம் ஒன்றோடொன்று இன்னும் தொடர்பில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அறுந்துபோகும் நிலையில் உள்ள இடங்களை முன்னுரிமைப்படி திட்டக் குழுமத்துக்கும் ஊராட்சிகளுக்கும் கொடுக்க வேண்டும்.

அடிப்படைக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் 2021, அதாவது செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலத்தை மரம், புல், பயிர், நீர் என்று வகைபிரித்த பத்து மீட்டர் தரவு. அதில் மூன்று இடம் உதைக்கிறது. தொண்டாமுத்தூர், ஆலாந்துறை வட்டாரம் மரப்பரப்பு என்று விழுந்து மலைக்காட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கோவைக் குளங்கள் சில, புல்வெளி என்றோ பயிர் என்றோ வருகின்றன. காங்கேயம் பக்கம் போனால் ஒன்றுமே இல்லாத வெற்று நிலம் மாதிரி இருக்கிறது. எங்கே கைவைப்பது? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் செய்த முறை, அதாவது பெரிய மையத்திட்டுகள், அவற்றை இணைக்கும் வழித்தடங்கள், நமக்கு ஒத்துவருமா?

பிக்சல்காரன்

முதல் சிக்கல் தென்னை: தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோப்புகள் காட்டோடு சேர்ந்துவிடுகின்றன. இது வேர்ல்ட்கவரின் தவறு மட்டும் இல்லை. இந்திய வன அளவை நிறுவனத்தின் 'காட்டுப் பரப்பு' கணக்கே, ஒரு ஹெக்டேருக்கு மேல், விதான அடர்த்தி (மரக்கிளைகள் நிலத்தை மூடும் அளவு) 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்ளும். நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று பார்க்காது. தோப்பும் உள்ளே வந்துவிடும். ஆகவே அந்த அடுக்கை (வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தரவுத் தாளை) வைத்து வேர்ல்ட்கவரைச் சரிபார்க்கப் போகாதீர்கள். இரண்டும் ஒரே பக்கம்தான் சாயும்.

தோப்பைப் பிரிக்க ஒரே நாள் படம் போதாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் மூன்று பருவம் எடுங்கள்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி, கோடையின் உச்சமான மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை, பிறகு அக்டோபர் கடைசியில் மேகம் விட்ட நாள் ஏதாவது. அடிவார இலையுதிர் காடு ஏப்ரலில் சரிந்து விழும். பாசனத் தென்னை மூன்றிலும் ஏறக்குறைய அதே பசுமையில் நிற்கும். மேலே சோலைக்காடும் அப்படித்தான் நிற்கும், அங்கேதான் குழப்பம் வரும். அதற்குச் சரிவு அடுக்கைச் சேருங்கள். கிணற்றுப் பாசனத் தோப்பு செங்குத்துச் சரிவில் ஏறாது, சோலை சமதளத்துக்கு இறங்காது. ஆற்றோரப் பாக்குத் தோப்புக்குத் தனியாகப் பயிற்சி மாதிரிகள் (கணினிக்கு வகையைக் கற்றுத்தரும் இடங்கள்) வேண்டும், தென்னையோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

மர வரிசை தெரிகிறதா என்று படத்தின் இழைமத்தை (நெசவு போன்ற அமைப்பை) வைத்துப் பிரிக்கப் பார்ப்பது வீண். தென்னை இடைவெளி 25 அடி, ஏழரை மீட்டர். பத்து மீட்டர் பிக்சலில் அந்த வரிசை தெரியாது.

இன்னொன்று. சென்டினல்-2 தரவில் 2022 சனவரி 25 முதல் செயலாக்க முறை மாறி, எண்களில் 1000 கூட்டப்பட்டு வருகிறது. அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அப்படியே கலந்தால் தாவரக் குறியீடு (பசுமையை அளக்கும் எண்) தானாகக் குறைந்த மாதிரி தெரியும். காடு அழிந்ததாக அறிக்கை எழுதிவிடுவீர்கள். கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' (சீராக்கிய) தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. சூன் முதல் செப்டம்பர் வரை மலைப்பக்கம் மேகம்தான், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். சனவரிப் படத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் வடக்கு, மேற்குச் சரிவுகளில் நிழல் விழும். கருநிழலைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும். 15 பாகைக்கு மேல் சரிவு உள்ள இடத்தில் 'நீர்' வந்தால் நீக்கிவிடுங்கள்.

குளக்கரை

குளத்துக்கு வருகிறேன். நீர்க் குறியீட்டை (படத்தில் தண்ணீரை அடையாளம் காட்டும் எண்ணை) வைத்துக் குளத்தை வரைந்தால் கோவையில் ஏமாற்றம்தான். காரணம் ஆகாயத்தாமரை. சாக்கடை சேரும் குளங்களில் தண்ணீர் நிரம்பி இருக்கும், மேலே பாய் விரித்த மாதிரி இலை மூடியிருக்கும், செயற்கைக்கோளுக்கு அது நல்ல செழிப்பான பயிர். பச்சை, குற்றலை அகச்சிவப்பு இரண்டையும் எடுக்கும் திருத்திய நீர்க் குறியீடும் இதற்கு உதவாது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஓர் ஆண்டின் மேகமில்லாத படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆகாயத்தாமரை காற்றுக்கு நகரும். போன மாதம் மேற்குக் கரையில் இருந்தது இந்த மாதம் கிழக்குக் கரையில் ஒதுங்கும். ஒரே பிக்சல் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் பச்சை என்று மாறிமாறி வந்தால் அது மிதக்கும் களை. மாறாமல் ஒரே இடத்தில் ஆண்டு முழுக்கப் பச்சை என்றால் அது வேர் ஊன்றியது: சீமைக் கருவேலமோ சம்பங்கோரையோ. இரண்டுக்கும் செய்ய வேண்டிய பராமரிப்பு வேறு. ஆகவே வரைபடத்தில் இரண்டும் வேறு வேறு குறியாக இருக்க வேண்டும்.

குளத்தின் எல்லையைத் தண்ணீர் நிற்கும் பரப்பிலிருந்து எடுக்கவே கூடாது. வருவாய் வரைபடத்தில் உள்ள குளப் புறம்போக்கு எல்லைதான் வெளிக்கோடு. அதற்குள் முழு நீர்மட்டக் கோடு, கலிங்கின் (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் அமைப்பின்) உயரத்தை வைத்து. அதற்குள்தான் செயற்கைக்கோள் காட்டும் நீர்ப்பரப்பு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதல் உள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர் தங்கிய விழுக்காட்டை வெளியிட்டிருக்கிறது. பழைய விரிவைப் பார்க்க நல்ல ஆதாரம். ஆனால் 30 மீட்டர், சிறு குட்டைக்கு ஆகாது.

தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேல் உள்ளவைதான் பரப்பாக வரையப்பட்டிருக்கின்றன, சிறியவை வெறும் புள்ளி. இந்தப் படுகையில் ஊருக்கு ஊர் இருக்கும் குட்டைகள் பெரும்பாலும் அந்தப் புள்ளிகள்தாம். அந்தத் தொகுப்பை மட்டும் நம்பினால் நிலத்தடி நீரை ஊட்டும் வலையே வரைபடத்தில் இருக்காது.

மேட்டாங்காடு

காங்கேயத்தை வெற்று நிலம்னு காட்டுதுங்களா? அது கொறங்காடுங்க. அதை விட்டுட்டு கீழ்ப்படுகைக்குப் பசுமைக் கட்டமைப்புன்னு எதைப் போடுவீங்க?

கொழுக்கட்டைப் புல், நடுவுல வெள்வேல மரம் அங்கங்க, சுத்தி கிளுவை வேலி. நிலத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு மாட்டை மாத்தி மாத்தி மேய்ப்பாங்க. காங்கேயம் மாடு நிக்கறதே இதுலதான். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் புல்லு காஞ்சு பழுப்பா இருக்கும். கோடைப் படத்துல மண்ணும் புல்லும் ஒரே நிறம். பிக்சல்காரன் அண்ணா சொன்ன மூணு பருவத்துல அக்டோபர் கடைசி, நவம்பர் படம்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். மழைக்கப்புறம் உழாம விட்ட நிலம் சீராப் பச்சையாகி, மெதுவா வடியும். மானாவாரி சோளம்னா உழவுக்கு மண்ணு தெரியும், அப்புறம் சட்டுனு ஏறும், அறுப்புக்கு ஒரே நாள்ல விழும். அந்த வளைவைப் பார்த்தாலே ரெண்டும் பிரிஞ்சுரும்.

அடுத்தது இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலியா நிக்கற மாட்டுத் தடம். அகலம் ஒரு பிக்சலுக்கே பத்தாது, அதனால எந்த வகைப்பாட்டுலயும் வராது. கிராம வரைபடத்துல பாதைப் புறம்போக்கா இருக்கும். அதை வரைஞ்சு, தெளிவான வான்படத்தை மேல போட்டு, ரெண்டு பக்க வேலியும் இருக்குதா, ஒரு பக்கம்தானா, தார் போட்டாச்சா, கம்பி வேலி வந்துருச்சான்னு நாலு நிலையாக் குறிங்க. உடும்பும் கீரியும் கவுதாரியும் போறது இந்தத் தடத்துலதான். ரெண்டு கொறங்காட்டை இணைக்கிற ஒரே கோடு பல ஊர்ல இதுதான் மிச்சம்.

தரிசு நிலத் தொகுப்புல இதெல்லாம் 'தரிசு'ன்னு போட்டிருக்கும். அதை நம்பி அங்க மரம் நட வேண்டிய இடம்னு பரிந்துரை எழுதிராதீங்க. புல்வெளியில அடர்காடு வைக்கறதும் அழிக்கறதுதானுங்க.

மேற்குமலை

மிக்க நன்றி. கொறங்காட்டைத் தனி வகையாக எடுத்துவிடலாம், பருவ வளைவு வழியே. அடுத்த கேள்வி ஓடைகள். நில உயரத்தைக் காட்டும் 30 மீட்டர் தரவிலிருந்து நீரோட்டக் கோடு எடுத்தால் சங்கனூர்ப் பள்ளமும் கௌசிகா நதியும் ஓரளவு வருகின்றன. ஆனால் பேரூருக்குக் கீழே குளங்களுக்குத் தண்ணீர் போகும் வழி ஒன்றுகூட வரவில்லை. ஓடை தொடங்குவதாகக் கொள்ளும் நீர்பிடிப்பின் வரம்பைக் குறைத்தால் எங்கும் கோடுகளாகச் சிதறுகிறது.

மதகடி

வராது ஐயா, வரவும் கூடாது. உயரத் தரவு காட்டுவது தண்ணீர் தானாக இறங்கும் தாழ்கோட்டை. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வரும் வாய்க்கால் அப்படி ஓடவில்லை. ஆற்றை மேலேயே மறித்து, நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி, ஆற்றைவிட மேட்டிலேயே கொண்டுவந்து வேடப்பட்டிப் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று கொடுத்துப் போகிறது. வெட்டிய வாய்க்கால். இயற்கைச் சரிவை வைத்து எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடிக்காது. குறிச்சி, வெள்ளலூர் அணைக்கட்டு வாய்க்கால்களும் இதே மாதிரிதான்.

ஆகவே இரண்டு வலை வேண்டும். முதல் வலை இயற்கைப் பள்ளங்கள், உயரத் தரவிலிருந்து. இரண்டாம் வலை அணைக்கட்டு, வாய்க்கால், குளம், கலிங்கு, மறுகால் (வழிந்த நீர் போகும் வழி). இது கையால் வரைய வேண்டியது. இந்திய நில அளவைத் துறையின் ஐம்பதாயிரத்தில் ஒன்று தாள்களை எடுங்கள். கோவை நகரம் 58 ஏ/16, 58 பி/13, 58 இ/4, 58 எஃப்/1 நாலும் கூடும் மூலையில் கிடக்கிறது. நாலும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு குளச் சங்கிலி நடுவில் அறும். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில், இப்போதைய திறந்த தொடர்த் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல்; இரண்டும் பூமியின் வடிவத்துக்கு வைத்த வேறு வேறு கணக்குகள். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் வாய்க்கால் மொத்தமும் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் ஓடும். வேலை முழுவதையும் யூடிஎம் என்னும் ஆயத்தொலைவு முறையின் 43 வடக்கு மண்டலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 78 பாகை நெடுங்கோட்டுக்கு மேற்கேயே ஆறு காவிரியில் சேர்ந்துவிடுவதால் 44 தேவைப்படாது.

முதல் வலைக்குச் சில நுணுக்கங்கள். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளுக்குள் கிராஸின் ஆர்.வாட்டர்ஷெட் (நீரோட்டம் கணக்கிடும் கட்டளை) பயன்படுத்துங்கள், குழிகளை முன்கூட்டி நிரப்பத் தேவையில்லை. தொடக்க வரம்பு 1000 பிக்சல் என்றால் 30 மீட்டரில் 90 ஹெக்டேர். மலைப்பக்கம் அது அதிகம், 300 வைக்கலாம். சமவெளியில் 1000க்குக் கீழே போனால் நீங்கள் சொன்ன சிதறல் வரும். மேல்படுகை, கீழ்ப்படுகைக்குத் தனித்தனியாக ஓட்டுங்கள்.

தடாகம் பள்ளத்தாக்கில் கவனம். செங்கல்லுக்குச் செம்மண் எடுத்த குழிகள் சங்கனூர்ப் பள்ளத்தின் நீர்பிடிப்பில் இருக்கின்றன. உயரத் தரவுகளில் எஸ்ஆர்டிஎம் 2000ஆம் ஆண்டுத் தரவு, கோப்பர்நிக்கஸ் 2011-15. எந்தத் தரவு எந்தக் குழிக்கு முந்தியது என்பதைப் பொறுத்து நீரோட்டக் கோடு மாறும். குழிகளைப் புதுப் படத்திலிருந்து வரைந்து 'உண்மைப் பள்ளம்' அடுக்காக அந்தக் கட்டளைக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குழியைத் தாண்டி ஓடுவதாகக் காட்டும், நிலத்தில் அது அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, நீலாம்பூர் - மதுக்கரை புறவழிச்சாலையும் ரயில் பாதைகளும். 30 மீட்டர் தரவுக்குக் கரையும் தெரியாது, அடியில் உள்ள குழாய்ப்பாலமும் தெரியாது. கோடும் சாலையும் வெட்டும் ஒவ்வொரு புள்ளியையும் தனி அடுக்காக எடுத்து, கள ஆய்வுக்கு அனுப்புங்கள்.

பிக்சல்காரன்

மேரிலாந்து முறை பற்றி. அவர்கள் மையத்திட்டுக்கு வைத்த அளவு 250 ஏக்கர் உட்காடு (விளிம்பு நீங்கிய காட்டின் உட்பகுதி), வழித்தடத்துக்கு 1,100 அடி அகலம். அந்த எண்ணை அப்படியே எடுத்தால் நமக்கு மேற்கே மலைக்காடு ஒன்று வரும். உக்கடம் பெரியகுளம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று விரல்விட்டு எண்ணும் குளங்கள் வரும். நடுவில் ஒன்றும் இருக்காது. 335 மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளமும் இங்கே இல்லை.

எண்ணை விடுங்கள், தருக்கத்தை எடுங்கள். மரப்பரப்புக்கு மட்டும் உருவமைப்புப் பகுப்பாய்வு (உட்பகுதி, விளிம்பு, பாலம் என்று வடிவத்தால் பிரிப்பது) ஓட்டலாம், அதற்கான கைடோஸ் கருவிப்பெட்டி மென்பொருள் இலவசம். உள்ளீடு மூன்றே மதிப்பு: 0 தரவில்லை, 1 பின்புலம் (மற்ற நிலம்), 2 முன்புலம் (மரம்). இதைத் தலைகீழாகக் கொடுத்தால் ஊரெல்லாம் உட்காடாக வரும். விளிம்பு அகலம் 3 என்றால் நம் பிக்சலில் 30 மீட்டர். தென்னையை முன்புலத்தில் சேர்க்காதீர்கள். 'பாலம்' என்று வரும் பிக்சல்கள்தான் நமக்குப் பொக்கிஷம்: இரண்டு உட்காட்டை இணைக்கும் மெல்லிய துண்டு. அவற்றை முதலில் களத்தில் பாருங்கள்.

குளக்கரை

பிக்சல்காரன் சொல்வதில் ஒரு மாறுபாடு. மரப்பரப்பை முதுகெலும்பாக வைத்துக் குளத்தைத் துணையாகச் சேர்ப்பது இந்தப் படுகைக்குத் தலைகீழ். இங்கே மரம் நிற்பதே தண்ணீர் போகும் வழியில். முதுகெலும்பு வாய்க்காலும் பள்ளமும்தான். மையத்திட்டைப் பரப்பளவால் தேர்ந்தெடுக்காமல், சங்கிலியில் அதன் இடத்தால் தேர்ந்தெடுங்கள். ஒரு சிறு குட்டை, கீழே மூன்று குளங்களுக்கு வழிவிடும் இடத்தில் இருந்தால், தனியாகக் கிடக்கும் பெரிய குளத்தைவிட அது முக்கியம். கணக்கிடுவதும் எளிது. வலையைக் கணுக்கள், கோடுகள் என்று மாற்றி, ஒவ்வொரு கணுவையும் எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஏக்கர் நீர்ப்பரப்பு அறுந்துபோகிறது என்று பாருங்கள். அந்த ஏக்கர்தான் அதன் மதிப்பெண்.

பிக்சல்காரன்

ஆற்றோரத்துக்கும் குளத்துக்கும் ஒப்புக்கொள்கிறேன். மலையடிவாரத்துக்கு அது பொருந்தாது, அங்கே காடுதான் அடிப்படை. இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்து, கடைசி வரைபடத்தில் மட்டும் சேர்ப்பது நல்லது. ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிப் பெருக்கினால் எது ஏன் முன்னுரிமை பெற்றது என்று யாராலும் கேட்க முடியாது.

யானைவழி

வழித்தடக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. விலங்கு நடக்க எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தடைமதிப்பு அடுக்கு போட்டு, மிகக்குறைந்த செலவுப் பாதை (மொத்தத் தடை குறைந்த வழி) எடுக்கும்போது 'வனவிலங்கு' என்று ஒரே அடுக்கு போடாதீர்கள். யானைக்குத் தென்னந்தோப்பும் வாழையும் தடையே இல்லை, இழுக்கும் தீனி. குறைந்த மதிப்பு கொடுத்தால் மென்பொருள் ஊருக்கு நடுவே வழித்தடம் போட்டுத் தரும். அது யானை வரக்கூடிய இடமே தவிர வர வேண்டிய இடம் இல்லை. மோதல் வரைபடம் வேறு, பாதுகாக்க வேண்டிய வழித்தடம் வேறு.

படுகை எல்லையில் தரவை வெட்டாதீர்கள். மதுக்கரை, போளுவாம்பட்டி, தடாகம், பெரியநாயக்கன்பாளையம் என்று அடிவாரம் நெடுக நடக்கும் யானைக்கு நீர்பிரிமுகடு எல்லை இல்லை. குறைந்தது 10 கிலோமீட்டர் வெளியே சேர்த்து ஓட்டி, முடிவை மட்டும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாதைகள் எல்லாம் எல்லைக்கோட்டை ஒட்டி வளைந்து வரும். மதுக்கரை - வாளையாறு ரயில் பாதையை முழுத் தடையாக வைத்து, சுரங்கவழி உள்ள இடத்தில் மட்டும் திறப்பு கொடுங்கள். சூரியமின்வேலி எந்த இலவசத் தரவிலும் இல்லை, களத்தில்தான் எடுக்க வேண்டும்.

தடைமதிப்புகள் எல்லாமே நிபுணர் மதிப்பீடு. ஒரே தொகுதியை நம்பாமல் மூன்று தொகுதி ஓட்டி, மூன்றிலும் மாறாமல் வரும் துண்டுகளை மட்டும் அழுத்தமான கோடாகப் போடுங்கள்.

புலப்படம்

இவ்வளவு செய்து கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு படம் கொடுத்தால் அலுவலகத்தில் மடித்து வைப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கிராமம், புல எண், உட்பிரிவு, வகைப்பாடு இருந்தால்தான் யாராவது நடவடிக்கை எடுக்க முடியும்.

கிராம வரைபடத்தைப் புவியிணைக்கும்போது (உண்மையான ஆயத்தொலைவில் பொருத்தும்போது) பழையது பல 16 அங்குலம் ஒரு மைல், அதாவது 1:3960. புதியது 1:5000. மூன்று கிராம எல்லை கூடும் கல், பழைய கோயில், கிணறு, குளக்கரை மூலை என்று எட்டுப் புள்ளியாவது வையுங்கள். சாலை முனையை எடுக்காதீர்கள், சாலை அகலமாகிக்கொண்டே இருக்கிறது. உருமாற்றத்துக்கு முதல்படிப் பல்லுறுப்பே (படத்தை வளைக்காமல் மொத்தமாகப் பொருத்தும் கணக்கே) போதும். படத்தை வளைத்துப் பொருத்தும் மெல்தகடு முறை பிழையைச் சுழியமாகக் காட்டும், ஆனால் பிழை எங்கும் போகவில்லை, புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

பிறகு அ-பதிவேட்டை (கிராமத்தின் புல எண்வாரி நிலப் பதிவேட்டை) இணையுங்கள். நீர்நிலை, ஓடை, வாய்க்கால், பாதை, மேய்க்கால் புறம்போக்கு, தோப்பு, தீர்வை (நிலவரி) ஏற்படாத தரிசு, அனாதீனம் (உரிமை கோருவார் இல்லாத நிலம்) எல்லாம் தனித்தனியாக. இப்போதைய பதிவேட்டோடு நிற்காமல், 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்திய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் பாருங்கள். முன்பு ஓடை என்று இருந்தது பின்பு தரிசு என்றோ பட்டா என்றோ மாறியிருந்தால் அந்தப் புல எண்ணுக்குத் தனிக் கொடி போடுங்கள். நீதிமன்றத்தில் பேசுவது அந்தப் பழைய பக்கம்தான்.

சட்ட அடுக்கிலும் கவனம். 2017 ஈரநில விதிகள் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை விலக்கி வைத்திருக்கின்றன. ஆக நொய்யல் குளங்களுக்கு அதை மட்டும் மேற்கோள் காட்டினால் மனு நிற்காது. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007-ஐக் காட்டுங்கள். அடிவாரக் கிராமங்களுக்கு 1990 முதல் உள்ள மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலைச் சேருங்கள்.

வரைபடத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுத வேண்டாம். உங்கள் இணைப்பில் 5, 10 மீட்டர் பிழை இருக்கும், கைப்பேசி ஜிபிஎஸ் மரத்தடியில் இன்னும் விலகும். 'பதிவேட்டில் ஓடை, படத்தில் கட்டடம். அளவீடு தேவை' என்று எழுதுங்கள். நில அளவர் புலப்படத்தை (புல எல்லையின் அளவுகள் உள்ள படத்தை) வைத்து அளந்த பிறகு மற்றது.

மேற்குமலை

எல்லாருக்கும் நன்றி. கள ஆய்வுப் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? எதை வெளியிடலாம், எதைக் கூடாது?

மதகடி

படிவம் சிறியதாக இருக்கட்டும், க்யூஃபீல்டில் (களத் தரவு பதியும் கைப்பேசிச் செயலியில்) கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதிகமானால் நிரப்புகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள். பாலம், மதகு, கலிங்கு ஒவ்வொன்றுக்கும்: வகை, திறப்பின் அகலமும் உயரமும், எத்தனை கண், அடைப்பு எவ்வளவு, அடைப்பு எதனால், மேல்புறம் ஒரு படம், கீழ்புறம் ஒரு படம். அடைப்பைக் கால், அரை, முக்கால், முழுது என்று மட்டும் கேளுங்கள், விழுக்காடு கேட்டால் ஆளுக்கொன்று வரும். பாலத்தின் அடித்தளம் பள்ளத்தின் படுகையைவிட உயர்ந்து நிற்கிறதா என்று ஒரு ஆம்-இல்லை. திறப்பு போதுமான அகலத்தில் இருந்தும் தண்ணீர் பின்வாங்கும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஆய்வு ஒரு முறை கோடையில், ஒரு முறை ஐப்பசி மழைக்கு மறுநாள்.

யானைவழி

சந்தன மரம், ஈட்டி மரம், பறவைகள் கூடு கட்டும் மரம், யானை தண்ணீர் குடிக்கும் இடம் - இவற்றின் ஆயத்தொலைவை வெளியில் விடவே கூடாது. பொது வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் கட்டமாகத் திரட்டிக் காட்டுங்கள். களப் படங்களிலிருந்தும் இடத் தகவலை நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள். பலர் அடுக்கை மறைத்துவிட்டுப் படத்தில் ஆயத்தொலைவை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பிக்சல்காரன்

வெளியிடுவதற்கு முன் துல்லிய அட்டவணை. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 50 சோதனைப் புள்ளி, அடுக்குவாரிச் சமவாய்ப்பில் (வகைவாரியாகக் குலுக்கல் முறையில்). பயிற்சிக்கு எடுத்த புள்ளியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். சிறு வகைகளான கொறங்காடு, பாக்கு, மிதக்கும் களை மூன்றுக்கும் தனித்தனித் துல்லியம் எழுதுங்கள். மொத்தத் துல்லியம் 90 விழுக்காடு என்று போட்டுவிட்டு, கொறங்காட்டில் பாதி தவறாக இருந்தால் காங்கேயத்துக்கு அந்த வரைபடம் பயன்படாது.

மேட்டாங்காடு

கொறங்காட்டுச் சோதனைப் புள்ளிய ஐப்பசி, கார்த்திகையில எடுங்க. பங்குனியில போனா புல்லு எது, தரிசு எதுன்னு நேர்ல நின்னாலும் பிரிக்கறது கஷ்டமுங்க. கிளுவையும் அப்ப இலை உதிர்ந்து வெறுங்குச்சியா நிக்கும், வேலி செத்துப்போச்சுன்னு எழுதிருவாங்க. குச்சியை நகத்துல கீறிப் பாத்தா உள்ள பச்சை தெரியும். அதையும் படிவத்துல ஒரு வரியாச் சேத்துருங்க.